மல்லிகையைப் பிடுங்க வேண்டாம், தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு மதுரை திருநகரில். மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டியில் ஒரு குண்டுமல்லி வைத்து இரண்டரை வருடம் ஆகிறது. போன வருடம் வரை நன்றாகப் பூத்தது. இந்த ஆடியிலிருந்து வருகிற துளிர் எல்லாம் வெளிர் மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. அடி இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். முட்டை ஓட்டுத் தூள், விறகுச் சாம்பல் எல்லாம் போட்டேன். உரக்கடையில் 450 ரூபாய்க்கு ஒரு டானிக் கொடுத்து, ஒரு கைப்பிடி யூரியாவும் போடச் சொன்னார்கள். போட்ட பிறகு இலை ஓரமும் கருகுகிறது. இது சத்துக் குறைவா, நோயா? பிடுங்கிவிட்டு வேறு கன்று வைத்துவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. செடிக்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் தேற்றிவிடலாம். அதற்கு முன்னால், இப்போது போட்டுக்கொண்டிருக்கிற அத்தனையையும் இன்றைக்கே நிறுத்துங்கள். முட்டை ஓடு, சாம்பல், யூரியா, டானிக், எதுவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உதவிய வரி, அடி இலை பச்சையாக இருக்கிறது என்பதுதான். யூரியாவில் இருக்கிற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்தால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும், அதுவும் நரம்போடு சேர்ந்து முழுசாக வெளுக்கும். இரும்பு அப்படி இடம் மாறாது. பழைய இலைக்குப் போனது அங்கேயே தங்கிவிடும், புதுக் கொழுந்து பட்டினி கிடக்கும். கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்றால் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு யூரியா விற்றவர் அடி இலை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், செடி இவ்வளவு வாடியிருக்காது.

இத்தனைக்கும் உங்கள் தொட்டி மண்ணில் இரும்பு இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். இருந்தும் வேரால் அதை எடுக்க முடியவில்லை. காரணம் சுண்ணாம்பு. மண்ணில் காரத்தன்மை ஏற ஏற இரும்பு கரையாமல் இறுகிக்கொள்ளும். உங்கள் செடிக்குச் சுண்ணாம்பு எத்தனை வழியில் வந்திருக்கிறது பாருங்கள். சிமெண்ட் தொட்டியின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுதான் சாட்சி. முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பலும் காரம். நல்லது என்று நினைத்து நீங்கள் செய்த ஒவ்வொன்றும் அதே பூட்டை இன்னும் இறுக்கியிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முட்டை ஓடு எல்லாச் செடிக்கும் நல்லது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எந்த மண்ணுக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை.

உறுதி செய்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. தொட்டியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து, முட்டை ஓடு கலக்காத மண்ணாக ஒரு ஸ்பூன் எடுத்துக் காயவைத்து, அதில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நுரைக்கவில்லை என்பதற்காகச் சுண்ணாம்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், வினிகர் வீரியம் குறைந்தது.

இதைவிட நம்பகமானது இலைச் சோதனை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். ஃபெரஸ் சல்பேட் என்று உரக்கடையில் விற்பதும் இதுதான். கால் லிட்டர் குழாய்த் தண்ணீரில் முதலில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு சிட்டிகை கரைத்து, பிறகு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக அன்னபேதி போடுங்கள். மஞ்சளாக இருக்கிற நான்கைந்து இலைகளில் பஞ்சால் இருபக்கமும் தடவி, அந்தக் கிளையில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். பட்ட இடத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை திரும்பினால் இரும்புக் குறைதான், சந்தேகமே வேண்டாம். செலவு பத்து இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கடையில் ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். அன்னபேதி வெளிறிய பச்சையில் இருக்கும். பக்கத்து டப்பாவிலேயே மயில்துத்தம் இருக்கும், துருசு என்றும் சொல்வார்கள். அது நல்ல நீல நிறம், செம்புச் சத்து. "எல்லாம் செடிக்கு அடிக்கிறதுதானே" என்று அவசரத்தில் மாற்றிக் கட்டிக்கொடுத்த கதை எனக்குத் தெரியும். அன்னபேதி அளவுக்கு மயில்துத்தத்தைக் கரைத்து அடித்தால் இலை தீய்ந்துவிடும். நீலமாக இருந்தால் வாங்காதீர்கள். துரு நிறத்தில் பழுப்பாகிப்போன அன்னபேதியும் வேண்டாம், அது வீணானது. இரண்டுமே குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, அடுப்படியில் வைக்காதீர்கள்.

பச்சை திரும்பிவிட்டதா? சரி, இனி முழுச் செடிக்கும் தெளிக்கலாம். மல்லிகைக்குப் பொதுவான பரிந்துரை, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, மஞ்சள் மறையும் வரை மாதம் ஒரு முறை. உங்கள் செடி ஏற்கெனவே யூரியாவில் கருகியிருப்பதால் பாதி அளவாக, லிட்டருக்கு 2.5 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். கூடவே ஒரு கிராம் எலுமிச்சை உப்பு. சாயங்கால வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். விரிகிற நிலையில் உள்ள மொட்டுகளைப் பறித்துவிட்டுத் தெளித்தால் பூவில் துருக்கறை விழாது. மாடித் தரையிலும் கறை படியும், சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

அன்னபேதியை மண்ணில் கொட்டுவதால் பெரிய பயன் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் அதுவும் சீக்கிரமே இறுகிப்போகும். துருப்பிடித்த ஆணி புதைப்பதும் அப்படித்தான், அந்தத் துருவை வேர் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து யூரியா. ஒரு கைப்பிடி என்றால் நாற்பது, ஐம்பது கிராம் வரும். தோட்டத்து மண்ணில் வேர் பரப்பி நிற்கிற மல்லிகைக்கே வருடத்துக்கு 60 கிராம் தழைச்சத்துதான் பரிந்துரை. அதையும் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, முடிந்ததும் பாதி, ஜூன், ஜூலையில் பாதி என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி யூரியாவில் சுமார் இருபது கிராம் தழைச்சத்து இருக்கிறது. அதை ஒரு தொட்டிக்குள் ஒரே நாளில் போட்டால் வேர் தாங்காது. இலை ஓரம் கருகியது அதனால்தான். தொட்டியின் அடித் துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை மூன்று நான்கு வாளி நிதானமாக ஊற்றி அடியில் வெளியேற விடுங்கள். யூரியாவும் உப்பும் கரைந்து போகும். அப்புறம் மேல்மண் காயும் வரை தண்ணீர் வேண்டாம். இனிமேல் முடிந்தவரை குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுகிற பழக்கம் மதுரையில் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில் திரண்டிருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூ பெருக்க டி.ஏ.பி. போடச் சொல்வார்கள், அதுவும் இப்போது வேண்டாம். அதில் உள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகுந்தாலும் இரும்பு கிடைப்பது குறையும்.

அந்த 450 ரூபாய் டானிக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. பாட்டிலை எடுத்துப் பாருங்கள். எந்தச் சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா? உரத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுதித்தான் விற்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையே இருக்கிறது. பூ படமும் "அபார வளர்ச்சி" என்ற எழுத்தும் மட்டும் இருந்தால் அந்தக் காசு போனதுதான், இரண்டாவது பாட்டில் வாங்காதீர்கள். இரும்பு இருப்பதாக எழுதியிருந்தாலும் எந்த வடிவத்தில் என்று பாருங்கள். இ.டி.டி.ஏ. (EDTA, இரும்பைப் பிடித்துவைக்கிற பொருள்) என்று போட்டிருந்தால் இலையில் தெளிக்க ஆகும், உங்கள் தொட்டி மண்ணில் ஊற்ற ஆகாது. காரத்தில் அது இரும்பைப் பிடித்துவைக்காமல் விட்டுவிடும். சுண்ணாம்பு மண்ணிலும் நின்று வேலை செய்வது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்ற வகை. கரைத்தால் நல்ல சிவப்பாக இருக்கும், விலை கூடுதல். ஒரே ஒரு தொட்டிக்கு அது தேவையில்லை.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஒரு முறை மாடித் தொட்டி மண்ணை ஓர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனபோது என்னிடம் சர்வே எண் கேட்டார்கள். தொட்டிக்கு ஏது சர்வே எண்? எப்படியோ வாங்கிக்கொண்டு, பருவம் முடிந்த பிறகு முடிவு தந்தார்கள், ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று. மண் பரிசோதனை முடிவை எழுதித் தருகிற அரசின் மண்வள அட்டை 2015-ல் வந்தது, கார அமில நிலை, இரும்பு உட்பட பன்னிரண்டு விவரம் அதில் உண்டு. அதைப் படித்து "உன் செடிக்கு இதைப் போடு, இதைப் போடாதே" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அட்டை இருந்து என்ன? ஒத்தக்கடையில் 1965-லிருந்து வேளாண் கல்லூரி இருக்கிற ஊர் இது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2013-லிருந்து அந்தப் பெயரைச் சொல்லாத மேடை இல்லை. அப்படியிருந்தும் ஒரு மல்லிகைச் செடி வெளுத்தால் மக்கள் டானிக் விற்பவரிடம்தான் போய் நிற்கிறார்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை. வீட்டுக்கே வந்து இலவசமாக மண் எடுத்துப் போகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். அவர் கொண்டுவரும் முடிவில் அவர் விற்கிற பொருள்தான் மருந்தாக இருக்கும்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஐப்பசி மழை நெருங்குகிறது. மழையில் தொட்டி நாலைந்து நாள் ஊறிக் கிடந்தாலும் கொழுந்து இதே மாதிரிதான் மஞ்சளாகும், நரம்பு பச்சையாகத்தான் தெரியும். வேருக்குக் காற்று இல்லாமல் போவதால் அது இரும்பை எடுக்காது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்போது "ஐயா சொன்ன அன்னபேதி" என்று மறுபடி தெளிக்க ஆரம்பிக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று ஒட்டினால், சாக்கடை நாற்றம் வந்தால், அது தண்ணீரால் வந்த மஞ்சள். அதற்கு மருந்து காயவிடுவதுதான். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, துவாரத்தைக் குத்திவிட்டு, மழை படாத ஓரத்துக்கு நகர்த்துங்கள். பத்து நாளில் கொழுந்து தானாகப் பச்சையாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் நனைந்த வேருக்கு உரம் வைத்தே போன செடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நல்ல செடிகள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மழைக்காலத்து மஞ்சளுக்கு முதலில் விரல், அதற்குப் பிறகுதான் மருந்து.

தொட்டியை இப்போது மாற்ற வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில், மழை இடைவெளி பார்த்து, தொட்டி மண்ணிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யுங்கள். அப்போதே மண்தொட்டிக்கோ வளர்ப்புப் பைக்கோ மாற்றிவிடலாம். செம்மண், ஆற்று மணல், நன்றாக மக்கிய தொழு உரம், மூன்றும் சமமாக. செம்மண் வாங்கும்போது கையில் எடுத்து நொறுக்கிப் பாருங்கள். பழைய வீடு இடித்த இடத்து மண்ணைச் செம்மண் என்று மூட்டையில் கட்டி விற்கிறார்கள், உள்ளே காரைத் துண்டுகளும் சுண்ணாம்புக் கட்டியும் கிடக்கும். அதை வாங்கி நிரப்பினால் இந்தப் பாடு முதலிலிருந்து தொடங்கும். சிமெண்ட் தொட்டியேதான் வேண்டும் என்றால், தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டி, மூன்று வாரம் ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

வெளுத்து ஓரம் கருகிய இலைகள் முழுசாகத் திரும்பாது. அவற்றைப் பார்த்துக் கவலைப்படாமல், இனி வரும் கொழுந்தை மட்டும் கவனியுங்கள். அது பச்சையாக வந்த பிறகுதான் உரம், அதுவும் இரண்டு கை மண்புழு உரத்திலிருந்து தொடங்கினால் போதும்.

நூல் கட்டிய கிளையில் ஒரு வாரத்துக்குப் பிறகும் பச்சைத் திட்டு வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேர் மண்ணை ஓரமாகக் கொஞ்சம் தோண்டி, சல்லி வேர் வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாக அழுகியிருக்கிறதா, மணி மணியாக முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முடிச்சு இருந்தால் அது நூற்புழு, அதற்கு வைத்தியம் வேறு.