ஆச்சியின் நாலரை மணி

அன்புள்ள அக்கா,

நாங்கள் பிரான்சில், துலூஸ் நகரத்தில் இருக்கிறோம். கணவருக்கு விமானத் துறையில் வேலை. மகளுக்கு ஐந்து வயது, மழலையர் பள்ளியில் கடைசி வருடம். கோவில்பட்டியிலிருந்து என் அத்தை (கணவரின் அம்மா) வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்கள். பெட்டியில் பாதி கடலை மிட்டாயும் சாத்தூர் சேவும் சீடையும்தான்.

பிள்ளை எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கேட்காவிட்டாலும் கொடுக்கிறார்கள். இரவு ஏழரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்குப் பசியே இருப்பதில்லை. போன வாரம் அவளுடைய பள்ளித் தோழன் விளையாட வந்தான். ஆறு மணிக்கு இரண்டு பேருக்கும் அத்தை கிண்ணத்தில் சேவு போட்டுக் கொடுத்தார்கள். அவனைக் கூட்டிப்போக வந்த அம்மா, சிரித்த முகமாகத்தான், அவன் கையில் இருந்ததை வாங்கிக் கிண்ணத்தில் திரும்ப வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு" என்றாள். பையன் அழவில்லை. அத்தைக்குத்தான் முகம் வாடிவிட்டது. "பச்சப்புள்ள கையில இருந்ததப் பிடுங்குதாளே, இவளும் ஒரு தாயா?" என்று அன்று முழுக்கப் புலம்பினார்கள்.

மறுநாள் டப்பாக்களை எல்லாம் அலமாரி உச்சியில் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். இப்போது வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கணவர் எந்தப் பக்கமும் வாய் திறப்பதில்லை. டல்லாஸில் இருக்கும் என் தங்கையோ, "பிள்ளைக்குப் பசித்தால் கொடுக்க வேண்டியதுதானே, என் வண்டியில் எப்போதும் ஒரு தீனிப் பை கிடக்கும்" என்கிறாள். நான் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, துலூஸ்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த டப்பாக்களை இறக்கி, பழைய இடத்திலேயே வையுங்கள். ஒளித்து வைத்ததில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான கெடுதல் நடந்திருக்கிறது. உங்கள் அத்தை ஊரிலிருந்து சுமந்து வந்ததைத் திருட்டுப் பொருள் போல ஆக்கிவிட்டீர்கள். பிள்ளைக்கோ, அலமாரி உச்சியில் ஏதோ பெரிய புதையல் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களில் ஒன்றை இஷ்டம்போல எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று கண்ணாடி ஜாடியில், கண்ணெதிரே, ஆனால் தொடக்கூடாது. பிள்ளைகளின் பேச்சும் கவனமும் அந்த ஜாடியையே சுற்றி வந்தன, கேட்பதும் கூடியது. உங்கள் மகள் இனி கடலை மிட்டாயைப் பற்றித்தான் பேசுவாள்.

அடுத்தது, அந்தப் பையனின் அம்மா. அவர் செய்தது உங்கள் அத்தைக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். நான் பாரிஸில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறேன். காத்திருக்கும் தாய் தகப்பன், தாத்தா பாட்டி எல்லார் கையிலும் ஏதாவது ஒரு பொட்டலம் இருக்கும். ஒரு தாத்தா நீள ரொட்டியில் ஒரு துண்டை நெடுக்காகக் கீறி, அதற்குள் கறுப்புச் சாக்லேட்டின் இரண்டு கட்டியைச் செருகி, தாளில் சுற்றி வைத்திருந்தார். பேத்தி ஓடிவந்ததும் முத்தம் கொடுப்பதற்கு முன்பே கை நீட்டியது. நடந்துகொண்டே தின்றது. வீதி முழுக்க அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தின்றுகொண்டு போயின. ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இதைத்தான் அங்கே 'கூத்தே' என்கிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. காலை, மதியம், இரவு போல அது பிள்ளைகளுக்கு நாலாவது வேளை.

அந்தப் பையன் அழாததை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அவன் மிரட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கு ஏழரைக்கு இரவுச் சாப்பாடு வரும், நாளைக்கு நாலரைக்குத் திரும்பவும் தீனி வரும் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. வருமா வராதா என்று தெரியாத பிள்ளைதான் கிடைக்கும்போதே வாரிப் போட்டுக்கொள்ளும்.

இந்த நிச்சயத்தை ஒரு தாய் தனியாகக் கொடுக்கவில்லை. ஊரே சேர்ந்து கொடுக்கிறது. பள்ளி விடும் நேரமும் ரொட்டிக்கடைக் கூட்டமும் ஒன்றுதான். அரசும் கூட நிற்கிறது. மழலையர் பள்ளியில் காலைப் பத்து மணிக்கு ஏதாவது கொடுக்கும் பழைய வழக்கம் இனி அவசியமில்லை என்று 2004இல் கல்வி அமைச்சகம் சொன்னது. 2005இல் பள்ளிகளில் தின்பண்டம் விற்கும் தானியங்கி இயந்திரங்கள் தடைசெய்யப்பட்டன. 2007 முதல் தொலைக்காட்சியில் தின்பண்ட விளம்பரம் வந்தால் கீழே ஒரு வரியும் வருகிறது. "உடல்நலத்துக்காக, சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே கொறிப்பதைத் தவிருங்கள்" என்பது அதில் ஒன்று. நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதிப் போட வேண்டியிருக்கிறது என்றால் அங்கேயும் கொறிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதனால் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை.

இப்போது அத்தை. வயதை நீங்கள் எழுதவில்லை. அறுபதைத் தாண்டியவர் என்று வைத்துக்கொள்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. மழை பார்த்து விதைக்கிற மண். அங்கே 1960களில் எத்தனையோ வீடுகளில் கம்பங்கூழும் சோளச்சோறும்தான் சாப்பாடு, அதுவும் எல்லா நாளும் வயிறு நிறைய இல்லை. காமராசர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது 1956இல். பள்ளிக்கு வரும் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்பதால் வந்த திட்டம் அது. உங்கள் அத்தையின் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பசியை அக்கம்பக்கத்திலாவது பார்த்து வளர்ந்த தலைமுறை அது. 'பிள்ளை கேட்டது, இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டதே' என்பது அவர்களுக்கு ஒரு துக்கம். அப்படிப்பட்ட வீடுகளில் பெரியவர்கள் கடைசியாக, கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். இப்படிப்பட்டவர் கண் முன்னால் ஒரு பிள்ளையின் கையிலிருந்து தின்பதை வாங்கி வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். உங்கள் அத்தையின் கோபத்தை நான் மதிக்கிறேன். நீங்களும் மதியுங்கள்.

இன்னொன்று, வெயில். சிரிக்காதீர்கள், இது உண்மையான காரணம். துலூஸில் ஜூன் மாதம் பொழுது சாய ஒன்பதரை தாண்டிவிடும். கோவில்பட்டியில் ஆறே முக்காலுக்கெல்லாம் விளக்கு வைத்துவிடுவார்கள், ராத்திரிச் சாப்பாடு எட்டரை ஒன்பது. துலூஸில் ஏழரைக்கு நீங்கள் சோறு வைக்கும்போது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் உடம்புக்கு அது காப்பி குடிக்கிற நேரம். ஆறு மணிக்குப் பிள்ளைக்குச் சேவு கொடுப்பதில் அவர் கணக்குப்படி ஒரு தப்பும் இல்லை, சாப்பாட்டுக்குத்தான் இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே!

இந்தக் கணக்கு அவரிடம் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளிலும் தீனிக்கு ஒரு நேரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பையைப் போட்டதும் அவித்த கடலையோ, சுண்டலோ, சீனிக்கிழங்கோ, தை மாதமானால் பனங்கிழங்கோ. அவிக்க அடுப்பு மூட்ட வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். சீடையும் முறுக்கும் பண்டிகைக்குச் சுட்டது, பத்து நாளில் டப்பா காலி. அடக்க ஒடுக்கம் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை, செய்முறையே அளவு போட்டது. பெட்டிக்கடையில் சரம் சரமாக ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் தொங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அளவு போயிற்று. அடுப்பு வேண்டாம், நேரம் வேண்டாம், கேட்டால் பிய்த்துக் கொடுக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று விதி போட்டது. பள்ளி விடும் நேரத்தில் நம் ஊர்த் தெருவில் நடந்து பாருங்கள், ஐம்பது மீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் அத்தை கொண்டுவந்த நல்ல பண்டத்தையும் நாம் இப்போது பாக்கெட் போலத்தான் கொடுக்கிறோம். குறை அங்கே இருக்கிறது.

தங்கையின் வண்டிப் பை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1977க்கும் 2006க்கும் நடுவில் பிள்ளைகளின் இடைத்தீனி நாளுக்கு ஏறக்குறைய மூன்று வேளையாக ஏறியது, அன்றாடக் கலோரியில் கால் பங்குக்கு மேல் தீனியிலிருந்தே வந்தது. அங்கே கார்ப் பயணம் நீளம், சாப்பாட்டு நேரம் முன்னே பின்னே ஆகும். அவள் நிலைமை அவளுக்கு. உங்களுக்கு அது தேவையில்லை.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலை மிட்டாய் நல்ல பண்டம்தான், ஆனால் ஒட்டும். சுவீடனில் லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விபெஹோல்ம் என்ற மனநல விடுதியில், மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கு 1940களின் பிற்பாதியில் டாஃபி கொடுத்துக் கொடுத்துச் சோதித்தார்கள். செய்தது பாவம், எடுத்துச் சொல்லக்கூட முடியாதவர்களின் பல்லைக் கெடுத்துத் தெரிந்துகொண்டார்கள். தெரிய வந்தது இது: சர்க்கரை சாப்பாட்டோடு உள்ளே போனால் கெடுதல் குறைவு, ஒட்டுகிற இனிப்பாக வேளைகளுக்கு நடுவில் அடிக்கடி போனால்தான் பல் பொத்தலாகிறது. ஒவ்வொரு தரம் இனிப்பு தின்ற பிறகும் வாயில் புளிப்பு ஏறி, எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நாலு துண்டு ஒரே நேரத்தில் தின்றால் ஒரு தரம், நாலு நேரத்தில் தின்றால் நாலு தரம். சுவீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் இனிப்பு என்ற வழக்கம் இதற்குப் பிறகுதான் வேரூன்றியது.

சரி, என்ன செய்யலாம்? நாலரை மணியை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். முழுசாக. பள்ளி வாசலுக்கு அவரே போகட்டும், பொட்டலமும் அவர் கையில் இருக்கட்டும். அதில் என்ன இருக்கும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் வாழைப்பழமும் ஒரு துண்டு கடலை மிட்டாயும், ஒரு நாள் சேவு. நீங்கள் தலையிடாதீர்கள். எவ்வளவு தின்பது என்பது பிள்ளையின் இஷ்டம், வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது. இது ஒன்றை மட்டும் அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு அது முடிந்துவிட்டால் ஏழரைக்குப் பசி வந்துவிடும். நடுவில் கேட்டால், "நாளைக்கு நாலரைக்கு ஆச்சி தாரேன் தாயி" என்று அவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது தடை. ஆச்சி சொன்னால் வாக்கு. மதியத்துக்கு மேல் பள்ளி இல்லாத புதன்கிழமையும், சனி ஞாயிறும் இதே நேரம்தான். ஒரு புதன்கிழமை அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் நாலரைக்கே கூப்பிடுங்கள். கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் அவர் மறுக்க மாட்டார்.

இன்னொரு சந்தேகம். மகள் பள்ளி உணவகத்தில் மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பிள்ளைகளில் பலர் அந்தக் காய்கறியும் சாஸும் பிடிக்காமல் ரொட்டியையும் சீஸையும் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 2019 நவம்பரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் சைவச் சாப்பாடு கட்டாயம் என்றாலும் மற்ற நாட்கள் இருக்கின்றனவே. விசாரியுங்கள். மதியம் அரை வயிறு என்றால் அவள் ஆச்சியிடம் கேட்பது நிஜப் பசி. அப்போது நாலரைக்கு சேவு போதாது, இட்லியோ தயிர்சாதமோ கொடுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். நீங்கள் பேசினால் மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்றுதான் அவர் காதில் விழும். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல இருந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும், தீனியும் நீங்கதான் கொண்டு போகணும்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். டப்பாக்களையும் அவரே இறக்கி வைக்கட்டும்.