கால் வீக்கம் வற்றிவிட்டது, அப்பா இனியும் இத்தனை குளிசை போட வேண்டுமா?

போட வேண்டும். நிறுத்த விடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது இது: நீங்கள் ரொறன்ரோவில். அப்பாவுக்கு 71 வயது, யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இருக்கிறார். மூச்சு முட்டி வார்ட்டில் சேர்த்தபோது ஹார்ட் பெயிலியர், அதாவது இதயத் தளர்ச்சி என்று சொன்னார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் 35 வீதம் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கால் வீக்கமும் வற்றி, இப்போது கோயில்வரை நடந்து போகிறார். “எனக்கு இப்ப ஒண்டுமில்லை, ஏன் இவ்வளவு குளிசை” என்கிறார். அவர் சொல்வது சரியா, 35 வீத இதயத்தோடு எவ்வளவு காலம் இருக்க முடியும், கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா?

நான் டொக்டர் இல்லை. யாழ்ப்பாணத்தில் மெடிக்கல் வார்ட்டிலும் பிறகு கிளினிக்கிலும் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் அப்பாவைப் போல எத்தனையோ ஐயாமாரையும் அம்மாமாரையும் பார்த்திருக்கிறேன். சுகமாகிவிட்டது என்று நம்பி மருந்தை விட்டு, சில வாரங்களில் முன்னையதைவிட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் அவர்களில் மிக அதிகம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாவின் குளிசைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று சலம் போகிற குளிசை, புரூசமைட். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தமும் குறையும். உடம்பில் தண்ணீர் போதாது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீர்தான் காலில் வீக்கமாகவும், நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டாகவும் வந்தது. புரூசமைட் அதை வெளியேற்றும். சில நாட்களிலேயே ஆள் தெளிந்துவிடுவார். ஆனால் இதயம் தளர்ந்தபடியேதான் இருக்கும்.

இதயத்தைக் காப்பாற்றுகிற வேலையைச் செய்வது மற்றக் கூட்டம். தளர்ந்த இதயத்தை ஈடுகட்ட உடம்பு அட்ரினலினையும் வேறு சில ஹோர்மோன்களையும் கூட்டிக்கொள்கிறது. களைத்துப்போன சவாரி மாட்டைக் கம்பால் அடித்து இன்னும் ஓட வைப்பது போன்ற வேலை அது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு விழும். இந்த அடியைத் தடுக்கத்தான் எனலாபிரில் அல்லது லோசாட்டன், பைசோபுரோலோல் அல்லது கார்வெடிலோல், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவற்றைத் தருகிறார்கள். இவற்றோடு இப்போது டாபாகிளிபுளோசின் அல்லது எம்பாகிளிபுளோசினும் சேர்ந்திருக்கிறது. சிலருக்கு எனலாபிரிலின் இடத்தில் சாகுபிட்ரில் வல்சாட்டன் என்ற புதிய கூட்டுக் குளிசை. இவற்றைப் போட்டதும் ஒரு சுகமும் தெரியாது. மாதக்கணக்கில் வேலை செய்பவை. சுகம் தெரிகிற குளிசையை ஆட்கள் நம்புகிறார்கள், உயிரைக் காக்கிறதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய மனவருத்தம்.

இன்னொன்று. “எனக்குப் பிரஷர் இல்லை, பிறகேன் பிரஷர் குளிசை?”, “சீனி இல்லாத எனக்குச் சீனிக் குளிசை ஏன் தாறியள் மிஸி?” என்று கிளினிக்கில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டாபாகிளிபுளோசின் நீரிழிவுக்காக வந்த மருந்துதான். நீரிழிவு இல்லாத இதய நோயாளருக்கும் அது மரணத்தையும் வார்ட்டில் சேர்வதையும் குறைக்கிறது என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஸ்பைரோனோலாக்டோன் மலிவான பழைய குளிசை. கடுமையான இதயத் தளர்ச்சி உள்ளவர்களில் அது மரணத்தை 30 வீதம் குறைத்ததாக 1999இலேயே கண்டார்கள். அப்பாவின் கிளினிக் கொப்பியில் இந்தப் பெயர்கள் இருந்தால், சரியான வைத்தியம் இங்கேயே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2018இன் முடிவில் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு அது. இதயத் தசை தளர்ந்து, மருந்தால் முழுமையாகத் தேறி, எக்கோவும் நல்லபடி வந்தவர்களை எடுத்தார்கள். 25 பேருக்கு டொக்டர்களின் கண்காணிப்பில் மெல்ல மெல்ல மருந்தை நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு வருத்தம் திரும்பிவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் அந்த ஆறு மாதத்தில் திரும்பவில்லை. அவர்கள் எக்கோவிலும் தேறியவர்கள். உங்கள் அப்பாவுக்கு இன்னும் கால் வீக்கம் மட்டும்தான் வற்றியிருக்கிறது.

அந்த 35 வீதத்தைப் பற்றி வீட்டில் எல்லோரும் பயந்திருப்பீர்கள். இதயத்தில் 35 பங்குதான் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை வீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமும் 100ஐத் தள்ளுவதில்லை. 55 முதல் 70 வரைதான். 40உம் அதற்குக் கீழும் தளர்ச்சி. மருந்தைச் சரியாக எடுத்தால் பலருக்கு அந்த இலக்கம் ஏறுகிறது. எவ்வளவு காலம் என்பதற்கு யாரும் ஒரு வருடக் கணக்குத் தர முடியாது, காரணத்தையும் மருந்தையும் பொறுத்தது. மறுபக்கமும் உண்டு: எக்கோ 60 என்று சொன்னாலும் இதயம் இறுகி, விரிந்து நிரம்ப மறுப்பதால் இதே மூச்சு முட்டு வரும். பிரஷரும் சீனியும் உடற்பருமனும் உள்ள வயதான அம்மாமாருக்கு இது அதிகம். “எக்கோ நல்லது” என்று அவர்களைத் தொய்வுக்காரர் (ஆஸ்துமாக்காரர்) ஆக்கி, மூச்சுக்கு இழுக்கிற பம்ப் மட்டும் கொடுத்து வைத்திருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். படுத்தால் முட்டி, எழுந்து கதிரையில் இருந்தால் குறைகிற மூச்சு என்றால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் என்டி புரோ பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வெளியில் நடமாடுகிற ஒருவருக்கு அது 125க்குக் கீழே இருந்தால் ஹார்ட் பெயிலியராக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்பாவுக்கு எக்கோவிலேயே தெரிந்துவிட்டதால் இப்போது அது அவசரமில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் தளர்ந்தது என்பது. முன்பு சத்தமில்லாமல் ஒரு அட்டாக் வந்துபோனதா, பல வருடம் கவனிக்காத பிரஷரா, குடியா, வால்வா, துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறதா? சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போன பெண்களை எங்கள் பக்கத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வைத்தியமே வேறு. தைரொயிட், ரத்தச்சோகை போன்றவை திருத்தக்கூடியவை, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஈசிஜியும் எக்கோவும் இந்தக் கேள்விக்குப் பாதி விடை தந்திருக்கும். இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பு என்று சந்தேகப்பட்டால் அஞ்சியோகிராம், அதாவது அந்தக் குழாய்களைப் படம் எடுக்கிற பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

கொழும்பு பற்றி. யாழ் போதனா வைத்தியசாலையில் இருதய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அஞ்சியோகிராமும் செய்கிறார்கள், இலவசமாகவே. தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் இருந்தும் அங்கேதான் அனுப்புவார்கள். இருதய நிபுணர் ஒரு குறிப்பிட்ட சத்திரசிகிச்சைக்கோ துடிப்பைக் காக்கும் கருவி பொருத்தவோ வேறு இடத்துக்கு எழுதினால் கட்டாயம் போங்கள். (மூன்று மாதமாவது முழு மருந்து எடுத்த பிறகும் 35இலேயே நின்றால் சிலருக்கு அப்படியான கருவி பற்றிப் பேசுவார்கள்.) மற்றபடி, வார்ட்டை விட்டு வந்த ஒருவரை 400 கிலோமீற்றர் இருத்திக் கொண்டுபோய், அதே எக்கோவை இன்னொரு தரம் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் காசைவிட இந்த முதல் சில வாரங்கள் பெறுமதி. குளிசைகளைச் சின்ன அளவில் தொடங்கி, பிரஷரும் சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். 2022இல் வந்த ஒரு ஆய்வில் இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மறுபடி வார்ட்டுக்கு வந்தவர்களும் சேர்ந்து 15 வீதம். வழக்கமான முறையில் கவனித்தவர்களில் 23. ஆகவே ஒரு கிளினிக் திகதியும் தவறக் கூடாது, நல்லூர்த் தேர் என்றாலும்.

ஐயாமார் குளிசையை விடுவதற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. ஸ்பைரோனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பில் நோவும் வீக்கமும் தரும். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், தடிமன் என்று நினைத்துப் பாணி குடித்துக்கொண்டிருப்பார்கள். லோசாட்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். பைசோபுரோலோல் முதல் வாரங்களில் அலுப்பாக இருக்கும், சடாரென நிறுத்தினால் ஆபத்து. கிளினிக் நாளில் பஸ்ஸில் அந்தரப்பட வேண்டிவரும் என்று சலம் போகிற குளிசையை விட்டுவிட்டு வருவார்கள். வீட்டுக்குப் போய்ப் போடலாமா என்று டொக்டரைக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். அப்பாவிடம் “போட்டீங்களா” என்று மட்டும் கேட்காமல், “எது உங்களுக்கு ஒத்துவரேல்லை அப்பா?” என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கெஞ்சல் உண்டு: அங்கிருந்து மருந்து அனுப்பாதீர்கள். ஒரு ஐயாவுக்கு மகன் சாகுபிட்ரில் வல்சாட்டன் அனுப்பியிருந்தார். அந்த ஐயா கிளினிக்கில் தந்த எனலாபிரிலையும் சேர்த்தே போட்டு, உதடும் முகமும் வீங்கி வந்தார். அந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற 36 மணித்தியால இடைவெளி வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று வருகிற பக்கெற்றும் அனுப்ப வேண்டாம். அதில் இருப்பது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோனும் எனலாபிரிலும் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறினால் துடிப்பே குழம்பும். வெயிலுக்கு நாலைந்து இளநீர் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

நம்முடைய சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருக்கிற இடங்கள் கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், மிக்சர், பேக்கரிச் சாமான்கள். கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் கருவாட்டுப் பொரியல் வைத்தால் பயனில்லை. பாமசியில் நாரி நோவுக்கு வாங்கும் டைக்ளோபெனாக், இபுபுரூபன் இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நன்றாக இருந்தவர் ஒரு வாரத்தில் வீங்கி வந்தால் நான் முதலில் கேட்பது “நோவுக்கு என்ன போட்டனீங்கள்?” என்றுதான். பரசிட்டமோல் போதும். அப்பா கந்தசஷ்டி பிடிப்பவர் என்றால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லுங்கள். டாபாகிளிபுளோசினும் புரூசமைட்டும் போட்டுக்கொண்டு ஆறு நாள் சாப்பிடாமல் இருக்க முடியாது. வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் அந்த இரண்டையும் என்ன செய்வது என்று உடனே கேட்க வேண்டும். புகையும் குடியும் இருந்தால் முற்றாக விட வேண்டும்.

ஒரு நிறுவைத் தராசு வாங்கிக் கொடுங்கள், அது மருந்து அனுப்புவதைவிட நல்ல செலவு. காலையில் சலம் போனபின், சாப்பிட முன், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் கொப்பியில் எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் வீக்கம் தெரியாவிட்டாலும் தண்ணீர் சேர்கிறது, கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் போக வேண்டும். தலையணை கூடுதலாகத் தேவைப்பட்டாலும், இரவில் மூச்சு முட்டி எழுந்தாலும் அப்படியே. இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோ பிடித்துத் தனியார் கிளினிக்காகத் தேடித் திரிய வேண்டாம். ரொறன்ரோவில் இருந்து நீங்கள் அந்த இலக்கத்தை அழைக்க முடியாது, ஆகவே பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அப்பாவைத் தனியே விடாமல் மருமகனையோ யாரையோ கூட அனுப்புங்கள். ஏன் தளர்ந்தது, எந்தக் குளிசையை எப்போது கூட்டுவீர்கள், பொட்டாசியமும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் எப்போது பார்ப்பீர்கள், அடுத்த எக்கோ எப்போது என்று கேட்டு, பதிலைக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும்.