தொலைதூர நாட்டுக்குத் தேனிலவு போகிறோம். எதை முதலில் புக் செய்வது, எதைக் கடைசியில்?

பெரும்பாலானோர் விமான டிக்கெட்டில் தொடங்குகிறார்கள். மலிவாக ஒன்று கண்ணில் படும், பணம் கட்டிவிடுவார்கள். பிறகு ரிசார்ட், விசா, விடுப்பு எல்லாவற்றையும் அந்த டிக்கெட்டுக்கு ஏற்ப வளைக்க வேண்டியிருக்கும். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர்மாறானது. தங்கப்போகும் அறையின் வாசலில் தொடங்கி, அங்கிருந்து வீடு வரை பின்னோக்கித் திட்டமிடுங்கள். ஏனென்றால் நாளையும் பணத்தையும் விழுங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டப் பயணம்தான்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். மாலேயிலிருந்து தள்ளியிருக்கும் பல தீவுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் சர்வதேச விமானம் மாலை நான்கு மணிக்கு மேல் தரையிறங்கினால் அன்று தீவுக்குப் போவது அநேகமாக நடக்காது. மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டிவரும், ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் போனதுதான். திரும்பும்போதும் இதே கதை: காலை ஏழு மணி விமானம் என்றால் முந்தைய நாளே தீவைக் காலி செய்ய வேண்டும்.

எனவே டிக்கெட் தேடும் முன்பே ரிசார்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசிக் கடல் விமானத்தைப் பிடிக்க எத்தனை மணிக்குள் மாலேயில் இறங்க வேண்டும்? திரும்பும் நாளில் முதல் கடல் விமானம் எத்தனை மணிக்கு மாலே சேரும்? இருவருக்கும் போய்வரக் கட்டணம் எவ்வளவு, அது அறை வாடகையில் அடங்குமா? பெட்டி எடை வரம்பு என்ன? கடல் விமானத்தில் பொதுவாக 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான். சர்வதேச டிக்கெட்டில் 30 கிலோ அனுமதி இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டு போனால் மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். இரவில் இறங்குவதைத் தவிர்க்க முடியாதவர்கள் ஸ்பீட் போட் எட்டும் தூரத்திலுள்ள தீவையோ, உள்நாட்டு விமானமும் படகும் சேர்த்து அழைத்துப்போகும் ரிசார்ட்டையோ பார்க்கலாம்.

விலையை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அதற்குப் பொருள். மாலத்தீவில் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். ரிசார்ட்டுகளில் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், அதாவது ஐந்து இரவுக்கு இருவருக்கும் 120 டாலர். இதையெல்லாம் கூட்டிய பிறகு, மலிவாகத் தெரிந்த ரிசார்ட் மலிவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பசிபிக் கடலிலுள்ள போரா போரா தீவுக்கும் இதே கணக்கு. டஹிட்டித் தீவின் பப்பீட்டேயில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறி, அங்கிருந்து படகு. அமெரிக்கா வழியாகப் போனால் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில், குடியேற்றச் சோதனைக்குள் போகாமல் சர்வதேச விமானம் மாறும் வசதி கிடையாது. லாஸ் ஏஞ்சலீஸில் மூன்று மணி நேரம் நின்று போனாலும், உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்து விசாவோ மின்னணு அனுமதியோ கையில் இருக்க வேண்டும். டிக்கெட் தளங்கள் இதை எச்சரிக்கும் என்று நம்ப வேண்டாம்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, மொரீஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மாலத்தீவில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, விலை இறங்குவதும் அப்போதுதான். பாலியில் நியேப்பி என்னும் மௌன நாளன்று விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள், ஹோட்டலை விட்டு வெளியே வரவும் முடியாது. அது பெரும்பாலும் மார்ச்சில் வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். திருமணத் தேதி மாறாது என்றால் நாட்டை மாற்றுங்கள், அல்லது பயணத்தைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது பெயர். அதிகம் சொதப்புவது இதில்தான். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றும் எண்ணம் இருந்தாலும், டிக்கெட், விசா, ஹோட்டல் மூன்றையும் இப்போதைய பாஸ்போர்ட் பெயரிலேயே எடுங்கள். பாஸ்போர்ட்டைத் திரும்பி வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். நடுவில் மாற்றினால் பாஸ்போர்ட் எண்ணும் மாறிவிடும், பழைய எண்ணில் வாங்கிய விசாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஓர் எழுத்துப் பிழையைப் பல விமான நிறுவனங்கள் திருத்தித் தரும், ஆனால் குடும்பப் பெயரையே மாற்றச் சொன்னால் புது டிக்கெட் எடுக்கச் சொல்லலாம். பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் இப்போதே பாருங்கள். பல நாடுகள் ஆறு மாத அவகாசம் கேட்கின்றன. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்ல வேண்டும், பாஸ்போர்ட் வாங்கிப் பத்து ஆண்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை இழுக்கும். அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். ஹோட்டலை இலவச ரத்து வசதியோடு புக் செய்துவிட்டு, ரத்து செய்யக் கடைசி நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கெடு ஹோட்டல் இருக்கும் நாட்டின் நேரப்படி கணக்கிடப்படலாம் என்பதால் ஒரு நாள் முன்கூட்டியே முடிவெடுப்பது நல்லது.

இவ்வளவும் தெளிந்த பிறகுதான் விமான டிக்கெட். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அப்போது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டியிருப்பதால் இடைவழி நாட்டின் விசாவும் தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டிலும் ஒரு கண்ணி உண்டு: முதல் கட்டத்தில் ஏறாமல் விட்டால் மீதி எல்லாக் கட்டங்களும், திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும். பணம் கட்டியதும் வரும் ஆறு எழுத்துக் குறியீடு வெறும் முன்பதிவு எண்தான். டிக்கெட் உண்மையில் போடப்பட்டதற்கு அடையாளம் 13 இலக்க எண். முகவர் மூலம் வாங்கினால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

விமானம் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. இரவு முழுக்கத் தூங்காமல் வந்து வரவேற்பறை சோபாவில் சாய்ந்து கிடப்பதைவிட, முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்து, காலையில்தான் வருவோம் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். திருமணத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள்.

தேனிலவுச் சலுகைகளுக்குப் பல ரிசார்ட்டுகளில் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள், மணமாகி ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்குள் என்ற வரம்போடும், குறைந்தபட்ச இரவுக் கணக்கோடும். சான்றிதழ் பதிவாகிக் கைக்கு வரும் தேதியை முதலில் உறுதி செய்யுங்கள். புக்கிங் படிவத்தில் ‘எங்களுக்குத் தேனிலவு’ என்று எழுதுவது வெறும் வேண்டுகோள். சலுகை உறுதிச்சீட்டில் அச்சாகியிருந்தால்தான் கேட்டு வாங்க முடியும். பெரிய ஒற்றைக் கட்டிலா, இரட்டைக் கட்டிலா என்பதும் இப்படித்தான். கிளம்பப் பத்து நாள் முன்பு நேரடியாக எழுதிக் கேட்டுவிடுங்கள், தேனிலவில் இரண்டு கட்டிலை இழுத்து ஒட்டவைக்க வேண்டாமே.

பயணக் காப்பீட்டை முதல் பணம் கட்டும் அன்றே எடுங்கள். கிளம்பும் வாரத்தில் எடுத்தால் அதற்கு முன் நேரும் நோய், விபத்தால் ரத்தானவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. உரிய உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும் பெரும்பாலான பாலிசிகள் கைவிரிக்கும். ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் அதற்கான பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல முறை டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், அதனால் டைவிங்கைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். சில நாடுகள் கேட்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்டுப் பத்தாவது நாளில்தான் செல்லுபடியாகத் தொடங்கும். கருவைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பரவியுள்ள பகுதிக்குப் போய்வந்தால் கருத்தரிப்பை, ஆண்களைப் பொறுத்து மூன்று மாதமும் பெண்களைப் பொறுத்து இரண்டு மாதமும் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது ஆளுக்கொரு பெட்டி என்று பிரிக்காதீர்கள். இருவரின் துணியையும் இரண்டிலும் பாதிப் பாதியாக வையுங்கள், ஒன்று வராவிட்டாலும் இருவரும் சமாளிக்கலாம். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். அவசரத்துக்கு வாங்கும் துணி, பற்பசைக்கான ரசீதுகளையும் வைத்திருங்கள். பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும், உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும்.