வைஃபை கண்காணிப்பு ஆப் மக்கர் செய்கிறதா?

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை வேலை செய்கிறது. ஆனால் சுற்றியுள்ள வைஃபைகளையும் அவற்றின் சிக்னலையும் காட்டும் அனலைசர் ஆப்பில் பட்டியல் காலியாகவே இருக்கிறது. ஏன்?

லொகேஷனைப் பாருங்கள். சுற்றியிருக்கும் ரவுட்டர்களை வைத்தே ஒருவர் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஆண்ட்ராய்டு 10 முதல், ஸ்கேன் செய்யும் ஆப்புக்குத் துல்லியமான லொகேஷன் அனுமதி தேவை. தோராயமான இடம் என்று கொடுத்தால் போதாது. அனுமதி கொடுத்தபின் போனின் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சிக்னல் கிராஃப் அப்படியே நின்றுவிடுகிறது. ஆப்பை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

ஆப் மேல் பிழையில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஆப் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் செய்யலாம். பின்னணியில் ஓடும் ஆப்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடத்துக்கு ஒரே முறை! அறைக்கு அறை நடந்து அளக்கும்போது திரையில் தெரியும் -48 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு), முந்தைய அறையின் அளவாகக்கூட இருக்கலாம்.

ஆண்ட்ராய்டு 10-லிருந்து இதற்கு வழி உண்டு. 'அபவுட் போன்' பகுதியில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அளந்து முடித்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அமைப்பைத் தொட விருப்பமில்லையா? ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, எண் மாறியபின் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் பக்கத்து நெட்வொர்க்குகளின் சேனல், அதாவது அவை எந்தத் தடத்தில் இயங்குகின்றன என்பது தெரிய வேண்டும்.

அந்தத் தகவலை மற்ற நிறுவனங்களின் ஆப்களுக்கு ஐஓஎஸ் கொடுப்பதில்லை. ஆப்பிளின் சொந்த ஏர்போர்ட் யுட்டிலிட்டியை நிறுவி, செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் 'வைஃபை ஸ்கேனர்' ஆன் செய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததை ரவுட்டருக்குக் கொடுங்கள். இடையில் உள்ள 3 அல்லது 8 வேண்டாம்; இருபக்கமும் இடிக்கும்.

வீட்டு வைஃபையில் இணைந்துள்ள கருவிகளைக் காட்டும் நெட்வொர்க் ஸ்கேனரில் ரவுட்டரும் என் போனும் மட்டுமே தெரிகின்றன.

விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைந்திருப்பீர்கள், அல்லது ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' ஆனில் இருக்கும். இரண்டுமே கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாது. ஐபோன் என்றால் பிரைவசி பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியையும் பாருங்கள்.

ஒரே போன் இரண்டு கருவிகளாகக் காட்டுகிறதே?

ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தால் அப்படித்தான் வரும். இப்போதைய போன்கள் நெட்வொர்க் பெயருக்கு ஒன்றாகப் போலி மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) காட்டுகின்றன. வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். வெளியிடங்களில் அது இருப்பதே நல்லது.