தொட்டுப் பார்க்காம டாக்டர் எப்படி கண்டுபிடிப்பாரு?

கேள்வி: அம்மாவுக்கு பத்து வருஷமா சுகர். கண் டாக்டர்கிட்ட போகணும்னா ரெண்டு பஸ் மாறணும், ஒரு நாள் பொழுது போயிடும். பக்கத்து கிளினிக்லயே கண்ணை போட்டோ எடுத்து பெரிய டாக்டருக்கு அனுப்புறாங்களாம். நேர்ல பார்க்காம சொல்றதை நம்பலாமா?

பதில்: கண்ணுக்கு உள்ள பின்பக்கம் இருக்கிற விழித்திரை விஷயத்துல தாராளமா நம்பலாம். சுகர் விழித்திரையை பாதிக்க ஆரம்பிக்கிறப்ப வலியும் இருக்காது, பார்வையும் மங்காது, நல்லாத்தானே தெரியுதுன்னு செக்கப்பை தள்ளிப் போட்டுக்கிட்டே போறவங்க எத்தனையோ பேரு, அவங்களுக்கு மங்கலாகி ஓடும்போது பாதி பார்வை போயிருக்கும், அதை நினைச்சாலே எனக்கு மனசு ஆறாது. அதுக்குன்னு இருக்கிற கேமரால எடுத்தா குட்டி குட்டி ரத்தக்கசிவு கூட தெரியும். டாக்டர் அதே நேரத்துல லைன்ல இருக்கணும்னும் இல்ல, சாயங்காலம் பார்த்துட்டு கூட சொல்லலாம், நெட் ஸ்லோவா இருந்தாலும் ஓடும். கண்புரை இருந்து போட்டோ சரியா விழலன்னா மட்டும் நேர்ல போய்த்தான் ஆகணும். லேசர், ஊசின்னு சொன்னாலும் போகணும், அந்த ஒரு பயணத்தை தவிர்க்கவே தவிர்க்காதீங்க. மிச்சமாகிறது சும்மா போயிட்டு வர்ற அலைச்சல்தான்.

எல்லாத்துக்கும் இது சரிப்படாது. வயித்து வலின்னா அமுக்கிப் பார்க்கணும். திடீர்னு வாய் கோணுது, ஒரு கை தூக்க முடியலன்னா அது பக்கவாதமா இருக்கலாம், வீட்ல உக்காந்து வீடியோ கால் போட்டுட்டு இருக்கக் கூடாது, நிமிஷத்துக்கு 19 லட்சம் மூளை செல்லு சாகுது, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போயிடுங்க. அங்க நரம்பு டாக்டர் இல்லன்னா கூட வேற ஊர்ல இருந்து ஒருத்தர் வீடியோல நோயாளியையும் ஸ்கேனையும் பார்த்து மூளை ரத்தக்குழாயில அடைச்ச ரத்தக்கட்டியை கரைக்கிற ஊசி போடலாமா வேணாமான்னு சொல்லிடுவாரு. அதுக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு.

கேள்வி: நான் கிராமத்து கிளினிக்ல நர்ஸ். ஸ்பெஷலிஸ்ட்டே ஸ்கிரீன்ல வந்துட்டா எங்களுக்கு என்ன வேலை?

பதில்: சிஸ்டர், பாதி வைத்தியமே உங்க கையிலதான். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் டாக்டர் 2003ல எக்கோன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாரு. ஹெபடைடிஸ் சிங்கிற, கல்லீரலை தாக்குற வைரஸ் நோய் வந்தவங்க அவரைப் பார்க்க மாசக்கணக்கா காத்திருந்தாங்க. அவரு ஒவ்வொரு நோயாளியா வீடியோல பார்க்கல, கிராமத்து டாக்டர், நர்ஸுங்களை வாராவாரம் வீடியோல கூட்டி ஒவ்வொரு கேஸா பேசி அவங்களையே வைத்தியம் பார்க்க பழக்கினாரு. 2011ல ரிசல்ட் வந்தப்ப பெரிய ஆஸ்பத்திரி, கிராமம் ரெண்டு பக்கமும் 100க்கு ஏறக்குறைய 58 பேருக்கு வைரஸ் போயிருந்துச்சு.

அதனால கால் வர்றதுக்கு முன்னாடியே பிரஷர், சுகர், சாப்பிடுற மாத்திரை எல்லாம் எழுதி வச்சிருங்க. கால் முடிஞ்சதும் டாக்டர் என்ன சொன்னாருன்னு நோயாளியையே ஒரு தடவை திருப்பி சொல்லச் சொல்லுங்க, புரியாமலே தலையாட்டிட்டு போறவங்கதான் அதிகம்.