தேன் வடிகட்ட எந்தக் கண் அளவுப் பை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் எடுத்த ரப்பர் தேன் வடிகட்ட நைலான் பை வாங்கப் போனேன். கடையில் 80 மெஷ், 200 மெஷ், 200 மைக்ரான், 400 மைக்ரான் என்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகர், அருமனை)

பதில்: மெஷ் என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்ற கணக்கு, மைக்ரான் என்பது அந்தக் கண்ணின் அகலம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒன்று கூடினால் மற்றது குறையும். 40 மெஷ் சுமார் 400 மைக்ரான், 80 மெஷ் சுமார் 180, 200 மெஷ் சுமார் 75. நூல் தடித்தால் அதே 80 மெஷ்ஷிலும் கண் சிறுத்துவிடும். அதனால் மைக்ரானைக் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு இரண்டு பை போதும்: முதலில் 400 மைக்ரான், அடுத்து 200 மைக்ரான். தேன் எடுக்கும் இயந்திரத்திலிருந்து வருவதை நேரே 200-ல் ஊற்றினால் மெழுகுத் துணுக்கும் தேனீயின் இறகும் காலும் கண்ணை அடைத்துவிடும். அப்போது கை சும்மா இராது, பையைப் பிழியத் தோன்றும். பிழியவே கூடாது. மெழுகு மிருதுவானது, அழுத்தினால் நசுங்கிக் கண் வழியே இறங்கிவிடும்.

பையைப் பாத்திரத்துக்கு மேலே உயரத்தில் தொங்கவிடாதீர்கள். அடிப்பாகம் தேனுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். மெழுகு மிதக்கும் பொருள். பைக்குள் மேலே ஏறி நிற்கும், அடியில் கண் திறந்தே இருக்கும். தேன் தாரையாக விழாததால் காற்றுக்குமிழும் குறையும். பிறகு மூடி போட்டு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். மேலே வரும் நுரையை வழித்துவிட்டு பாத்திரத்தின் அடியிலுள்ள குழாயில் பிடித்தால் தேன் தெளிந்திருக்கும். இந்தக் காத்திருப்பு செய்யும் வேலையை எந்தப் பொடிக்கண் பையும் செய்யாது.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததை ஊற்றினால் அந்தப் படிகங்களே பையை அடைக்கும். எடுத்த அன்றே வடிகட்டுங்கள். தவறிவிட்டால் பாத்திரத்தை 45 டிகிரி வெந்நீருக்குள் வைத்து இளக்கிய பிறகு ஊற்றுங்கள்.

கேள்வி: நன்றாக வடிகட்டியும் போன பங்குனியில் எடுத்த தேன் நுரைத்துப் புளித்துவிட்டது. 100 மைக்ரான் பை போட்டால் சரியாகுமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: ஆகாது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் 5 மைக்ரான் அளவுதான். எந்தத் துணிப் பையிலும் நிற்காது. குறை ஈரத்தில் இருக்கிறது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுத் தர விதி. நம் ஊர் ரப்பர் தேன் அதைத் தாண்டுவது சாதாரணம். அடையில் முக்கால் பங்கு அறையாவது மெழுகு மூடிய பிறகே எடுங்கள். ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை நாலு பேர் சேர்ந்தாவது வாங்கிவிடுங்கள். ஈரப்பையில் வடிகட்டியிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

ஈஸ்ட்டைக் கொல்லத் தேனைச் சூடாக்குவதானால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 63 டிகிரியில் எட்டு நிமிடம் நிறுத்தி உடனே ஆறவிடுங்கள். வடிகட்டிவிட்டே சூடாக்குங்கள். ஏறக்குறைய அதே சூட்டில் மெழுகும் உருகும். உருகியது தேனோடு பையைக் கடந்துபோய் ஆறியதும் மேலே படலமாக நிற்கும்.

கேள்வி: கண்ணாடிபோல் தெரிய 50 மைக்ரானில் வடிகட்டலாமா? (வாசகர், திருவட்டாறு)

பதில்: வேண்டாம். தேன் இறங்க நாள் முழுக்க ஆகும், பெரிய மகரந்தத் துகள்களும் பையிலேயே தங்கிவிடும். அது அழுக்கு அல்ல. எந்தப் பூவின் தேன் என்று சோதனையில் காட்டுவது அதுதான்.

கேள்வி: பையை வெந்நீரில் அலசியதும் கண் அடைத்துக்கொண்டது. ஏன்? (வாசகி, கருங்கல்)

பதில்: மெழுகு உருகி நூலில் படிந்துவிட்டது. முதலில் பச்சைத் தண்ணீரில், பையை உள்வெளியாகத் திருப்பி அலசுங்கள். மெழுகு செதிலாக உதிரும். நிழலில் காயப்போடுங்கள். வெயில் நைலானை இற்றுப்போகச் செய்யும்.