ஜப்பானியப் 'பாசித் தோட்ட' ஊதுபத்தியில் உண்மையிலேயே பாசி இருக்கிறதா?

பாசி சேர்ப்பதில்லை. சைஹோஜி கோயில் தோட்டம் போன்ற பாசித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற கியோட்டோவில் 1705இல் தொடங்கப்பட்ட ஷோயேய்டோ நிறுவனம் இப்பெயரில் விற்கும் பத்தியில் சந்தனம், பச்சிலை (பச்சௌலி எனப்படும் மணமூலிகை), சாம்பிராணி ஆகியவையே முதன்மையானவை. ஈரமண்ணை நினைவூட்டும் வாடை பச்சிலையிலிருந்து வருகிறது; சந்தனமும் சாம்பிராணியும் அதன் காரத்தைத் தணித்து, இனிமையைக் கூட்டுகின்றன.

ஆயினும் அந்த அமைதியான தன்மைக்குச் சரக்குகளைவிடச் செய்முறையே பெரிய காரணம் என்பது என் கருத்து. நம் பத்திகளில் மூங்கில் குச்சியும் சேர்ந்து எரிவதால் கரிந்த வாடை கலந்துவிடும். ஜப்பானியப் பத்தியிலோ நடுக்குச்சியே கிடையாது. மணமற்றது என்று சொல்லத்தக்க தபுநோகி மரப்பட்டைப் பொடியை நறுமணப் பொடிகளுடன் கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் மெல்லிய இழைகளாகப் பிழிந்து, பலகையில் நேராக அடுக்கி, விரிசல் விடாதபடி நிழலில் மெதுவாக உலர்த்துகிறார்கள். அந்நாட்டு ஊதுபத்தி உற்பத்தியின் பெரும்பகுதி நடக்கும் அவாஜித் தீவில் இத்தொழில் 1850இல் தொடங்கியது.

குச்சியில்லாத பத்தி எளிதில் ஒடியும். ஆகவே கிண்ணத்தில் சாம்பலை நிரப்பி, அதில் செருகி ஏற்றுங்கள். சிறிய அறைக்குப் பாதிப் பத்தியே போதும்.